பேதி, வாந்தி நேரத்தில் உப்பு சர்க்கரைக் கரைசல்: அளப்பது முதல் கொடுப்பது வரை

பேதி கண்ட வீட்டில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கலக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தடுமாற்றம் தெரியும். உப்பு விரலுக்கு வந்த அளவு, சர்க்கரை பிள்ளைக்குப் பிடித்த அளவு, தண்ணீர் கையில் கிடைத்த சொம்பளவு என்று போகும். அப்புறம் பிள்ளை ஒரு வாய் குடித்து வாந்தி எடுத்ததும், ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று டம்ளரை எடுத்து வைத்துவிடுவார்கள்.

இந்தக் கரைசலில் அளவும் கொடுக்கும் வேகமும்தான் எல்லாம். இரண்டும் சரியாக இருந்தால் பெரும்பாலான பேதிக்கு டிரிப்ஸ் ஏற்றும் நிலை வராமல் வீட்டிலேயே சமாளிக்கலாம். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கு ஆள் அனுப்புங்கள்

ஓ.ஆர்.எஸ். என்பது இதே கரைசலுக்காகச் சரியாக அளந்து கலந்த தூள். வீட்டில் கலக்கும் கரைசல் அந்தப் பாக்கெட் வந்து சேரும்வரைக்கும்தான். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வாய்ப்பாட்டில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உண்டு. நம் அடுப்படியில் முதல் இரண்டுக்குத்தான் வழி. பேதியில் பொட்டாசியமும் சேர்ந்தே வெளியேறுகிறது. அதை ஈடுகட்ட பாக்கெட்தான் நல்லது.

ஒருவர் கடைக்குப் போகட்டும், இன்னொருவர் வீட்டில் கலக்கட்டும். பாக்கெட் வரட்டும் என்று சும்மா காத்திருக்கக் கூடாது. நீர் இழக்கத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் கொடுப்பதுதான் அதிகம் உதவும்.

கடையில் வாங்கும்போது பாக்கெட்டின் மேல் உலக சுகாதார நிறுவன வாய்ப்பாடு என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிள், ஆரஞ்சு சுவையில் அட்டைப் பெட்டியில் விற்கும் பானங்கள் பலவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு குறைவு. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என உத்தரவிட்டது. பெயரைப் பார்த்து வாங்காமல் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

பாக்கெட்டிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டும் உண்டு, 200 மி.லி.க்கான சின்னதும் உண்டு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு பல மடங்கு கூடிவிடும். பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒரு ஸ்பூன் போடுவதும் தவறு, ஏனென்றால் தூளுக்குள் உப்பும் குளுக்கோஸும் சீராகக் கலந்திருக்காது. எத்தனை தண்ணீருக்கு என்று அதில் எழுதியிருக்கிறதோ அத்தனையிலும் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்டிக் கரையுங்கள்.

2. வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவர்கள்

கலக்க ஆரம்பிக்கும் முன்பே இதைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பேதி என்றால் தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் கலந்த கரைசலை அந்த வயதில் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவ்வளவு சின்ன உடம்பில் உப்பு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இதயக் கோளாறுக்காக ‘தண்ணீர் இவ்வளவுதான் குடிக்க வேண்டும்’ என்று சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் விஷயத்தில் குழப்பம் அதிகம். ‘எனக்குச் சுகர், சர்க்கரை போடாமல் கொடு’ என்பார்கள். சர்க்கரை இல்லாவிட்டால் அது வெறும் உப்புத் தண்ணீர். குடலின் சுவரில் உப்பும் சர்க்கரையும் ஜோடியாகத்தான் உள்ளே போகின்றன, அவற்றைத் தொடர்ந்து தண்ணீர் போகிறது. பேதியின்போதும் இந்த வழி மட்டும் அடைபடாமல் இருப்பதால்தான் இந்தக் கரைசல் வேலை செய்கிறது. சர்க்கரைக்குப் பதிலாக இனிப்பு மாத்திரையைக் கரைசலில் போட்டாலும் பயன் இல்லை. நீரிழிவு உள்ளவர்களும் இதே அளவில்தான் குடிக்க வேண்டும். கூடவே ரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். வழக்கமான சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரையை அன்றைக்குப் போடலாமா என்று போனிலாவது மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். சில மாத்திரைகள் நீரிழப்பு நேரத்தில் சிக்கலை அதிகப்படுத்தும்.

3. எடுத்து வைக்க வேண்டியவை

தூள் உப்பு, வெள்ளைச் சர்க்கரை, குடிதண்ணீர், மூடியுள்ள பாத்திரம் ஒன்று, நீளக் கரண்டி, கொடுப்பதற்குச் சின்ன ஸ்பூனும் டம்ளரும். இவற்றோடு இருமல் சிரப்போடு வரும் பிளாஸ்டிக் அளவு மூடி ஒன்று.

அந்த மூடிதான் முக்கியம். நம் வீட்டு ஸ்பூன்கள் ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஊறுகாய் ஸ்பூனும் டீ ஸ்பூனும் பாயச ஸ்பூனும் ஒரே டப்பாவில்தான் கிடக்கும், எது 5 மி.லி. என்று யாருக்கும் தெரியாது. அளவு மூடியில் 2.5, 5, 10 என்று கோடு போட்டிருக்கும். அதைக் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமாக இருந்தால் உப்பு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அளவு மாறிவிடும்.

கல் உப்பு வேண்டாம். கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் ஸ்பூன் அளவு நிலையாக இருக்காது. அது மட்டும்தான் இருக்கிறது என்றால் அம்மியிலோ மிக்ஸியிலோ பொடித்துவிட்டு அளந்துகொள்ளுங்கள். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரையும் அப்படித்தான்: ஈரமும் கட்டியும் ஆளுக்கொரு அளவாக இருக்கும். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பேதிப் பிள்ளையைக் கழுவிவிட்ட கையோடு அப்படியே அடுப்படிக்கு வருவது வீட்டில் அடுத்தவருக்கும் பேதி தொற்ற வழிவிடும்.

4. தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அப்புறம் அளங்கள்

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஒரு லிட்டரை அளந்து கொதிக்கவைத்தால் ஆவியாகிப்போய் அதில் கொஞ்சம் குறைந்துவிடும். பிறகு போடும் உப்பு அந்த அளவுக்குக் கூடிவிடும். அதனால் ஒன்றேகால் லிட்டர் போலக் கொதிக்கவிட்டு, தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடமாவது விட்டு இறக்குங்கள். மூடி வைத்து, ஆறிய பிறகு சரியாக ஒரு லிட்டர் எடுங்கள்.

அளக்க ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். கழுத்துவரை முட்ட ஊற்றாதீர்கள். கடையில் வாங்கும்போது தண்ணீர் எங்கே நின்றதோ அதுதான் ஒரு லிட்டர். சூடான தண்ணீரை அதில் ஊற்றினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும், ஆறவைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேன் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ நம்பகமாக இருந்தால் நேரடியாகப் பயன்படுத்தலாம். கொதிக்கவைக்க வழியே இல்லாவிட்டால், இருப்பதிலேயே சுத்தமான தண்ணீரில் கலந்து கொடுங்கள். கொடுக்காமல் இருப்பதைவிட அது மேல்.

கரைசலைக் கலந்த பிறகு மட்டும் கொதிக்கவைக்காதீர்கள், சூடுபடுத்தவும் வேண்டாம். தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது.

5. உப்பை முதலில் போட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு. அளவு மூடியில் 2.5 மி.லி. கோடு வரை, ஏறக்குறைய 3 கிராம். அழுத்திக் குத்தாமல் போட்டு, மேல்பக்கம் மட்டமாக இருக்கும்படி லேசாகத் தட்டிவிடுங்கள். குவியலாக எடுத்தால் அரை டீஸ்பூன் எளிதாக முக்கால் ஆகிவிடும்.

நன்றாகக் கரைத்துவிட்டு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் குறைவாகத்தான் கரிக்க வேண்டும். சர்க்கரை போடுவதற்கு முன்பே ருசி பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். சர்க்கரை போட்ட பிறகு இனிப்பில் உப்பு மறைந்துவிடும், கூடிப்போனது தெரியாது.

கண்ணீர் அளவுக்குக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். இந்த இடத்தில் பலரும் சர்க்கரையைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். உப்பு அதிகமான கரைசல் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி, குழந்தைகளுக்கு வலிப்புவரை கொண்டுபோகும். அரை டீஸ்பூன் உப்பையும் ஒரு லிட்டர் தண்ணீரையும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

6. பிறகு சர்க்கரை

ஆறு டீஸ்பூன், தலை தட்டி. அளவு மூடியில் 10 மி.லி. கோடு வரை மூன்று தடவை. இது சுமார் 25 கிராம். வாய்விட்டு எண்ணிப் போடுங்கள். பேதிக்காரர் உள்ளே முனகிக்கொண்டிருக்கும்போது நான்கு போட்டோமா ஐந்தா என்பது மறந்துவிடும்.

அடியில் சர்க்கரை தங்காமல் கரையும்வரை கலக்குங்கள். பிள்ளை குடிக்கட்டும் என்று கூடுதலாகப் போட்டால் பேதி அதிகமாகும். அளவுக்கு மீறிய சர்க்கரை உடம்பிலிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். குளிர்பானம், பாட்டில் ஜூஸ், வெறும் குளுக்கோஸ் பவுடர் கரைத்த தண்ணீர் எல்லாம் பேதிக்கு ஆகாமல் போவதும் இதே காரணத்தால்தான்.

எலுமிச்சை சில சொட்டு விடலாம், ருசிக்கு. அவ்வளவுதான்.

அரை லிட்டர் போதும் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்: கால் டீஸ்பூன் உப்பு, மூன்று டீஸ்பூன் சர்க்கரை. ஒரு டம்ளருக்கு மட்டும் கலக்க நான் யாருக்கும் சொல்வதில்லை. 200 மி.லி.க்குத் தேவையான உப்பு அரை கிராம் சொச்சம்தான், அதை வீட்டில் எவராலும் சரியாக அளக்க முடியாது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை என்றால் யாருடைய விரல் என்ற கேள்வி வரும்.

7. மூடி, நேரம் எழுதி வையுங்கள்

கலந்த நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பாத்திரத்தில் ஒட்டிவிடுங்கள். 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்திருந்தாலும் சரி. சர்க்கரைத் தண்ணீரில் கிருமி சீக்கிரம் பெருகும். வாய் வைத்த டம்ளரைப் பாத்திரத்துக்குள் முக்காமல், கரண்டியால் மொண்டு ஊற்றுங்கள்.

8. கொடுக்கும் வேகம்

கலக்கத் தெரிந்தவர்கள்கூடத் தோற்றுப்போவது இங்கேதான். தாகத்தில் இருக்கும் பிள்ளை டம்ளரைப் பிடுங்கி மடமடவென்று குடிக்கும், வயிறு நிறைந்ததும் அப்படியே வெளியே வந்துவிடும். தாயும் மனம் உடைந்துபோவாள்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒன்று அல்லது இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன். இதில் நம் வீட்டில் குழந்தைக்குப் பால் புகட்டும், மூக்கு வைத்த பாலாடையை மிஞ்ச ஒன்றும் இல்லை. பாட்டிமார் கொடுப்பதைப் பாருங்கள்: குழந்தையை மடியில் தலை உயர்த்திப் படுக்கவைத்து, பாலாடையின் மூக்கைக் கடைவாய்ப் பக்கம் வைத்து, கொஞ்சமாகச் சாய்த்து, தொண்டை அசைந்து விழுங்கியது தெரிந்த பிறகுதான் மறுபடி சாய்ப்பார்கள். அந்த வேகம்தான் வேண்டும். பாலாடை இல்லையென்றால் ஸ்பூன் போதும். ஃபீடிங் பாட்டில் வேண்டாம். அதன் ரப்பரைச் சுத்தமாக வைப்பது கடினம், குழந்தையும் வேகமாக உறிஞ்சிவிடும்.

‘ஒரு ஸ்பூன் எந்த மூலைக்கு?’ என்று தோன்றும். இரண்டு நிமிடத்துக்கு 5 மி.லி. என்றால் ஒரு மணி நேரத்தில் 150 மி.லி. உள்ளே போயிருக்கும். பொறுமையாக உட்கார ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் இருப்பவர்கள் முறை வைத்து உட்காருங்கள்.

ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பிறகும் கொடுக்க வேண்டிய அளவு: இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., இரண்டிலிருந்து பத்து வயதுவரை 100 முதல் 200 மி.லி., அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு பெரிய டம்ளரும் தாகம் இருந்தால் அதற்கு மேலும். பெரியவர்களும் மிடறு மிடறாகக் குடிப்பதே நல்லது. வயதானவர்களுக்குத் தாகமே தெரியாமல் போகலாம். கேட்கும்போது கொடுக்கலாம் என்று இருக்காமல் நீங்களே நேரம் பார்த்துக் கொடுங்கள்.

குழந்தையின் கண் இமை வீங்கினால் கரைசலை நிறுத்திவிட்டுத் தாய்ப்பாலோ வெறும் தண்ணீரோ கொடுத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். அளவுக்கு மேல் உள்ளே போனதன் அடையாளம் அது.

9. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுங்கள்

வாயைத் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். இந்தத் தடவை இன்னும் மெதுவாக, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தியில் எல்லாமே வெளியே வந்துவிடுவதில்லை, ஒரு பகுதி உள்ளே தங்கத்தான் செய்யும். ஒரு வாந்தியைப் பார்த்து முழுதாக நிறுத்துவதுதான் பெரிய தவறு.

இன்னொரு ஏமாற்றமும் வரும். ‘இரண்டு டம்ளர் குடித்தும் பேதி நிற்கவில்லையே!’ இந்தக் கரைசல் பேதியை நிறுத்தாது. போன தண்ணீரையும் உப்பையும் திருப்பித் தரும், பேதி தன் போக்கில் சில நாளில் அடங்கும். வேலை செய்கிறதா என்று தெரிய கழிவறைக் கணக்கைப் பார்க்காமல் சிறுநீரைப் பாருங்கள். நேரத்துக்குப் போகிறது, நிறம் வெளிறுகிறது, நாக்கு ஈரமாகிறது என்றால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையைப் பிள்ளைகளுக்கு நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம்.

10. வயிற்றைக் காயப்போடாதீர்கள்

தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. மற்றவர்களுக்கு இட்லி, குழைந்த சோறும் மோரும், கஞ்சி, மசித்த வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருப்பதால், நம் கரைசலில் விட்டுப்போனதை அது ஓரளவு நிரப்பும். இளநீரும் அப்படித்தான். ஆனால் இளநீரில் சோடியம் குறைவு, அதை மட்டுமே நம்பி இருக்க முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீர் வேண்டாம்.

இனிப்பு பிடிக்காமல் துப்பும் பிள்ளைக்கு உப்புப் போட்ட நீர்த்த அரிசிக் கஞ்சி நல்ல மாற்று. லிட்டருக்கு அதே அரை டீஸ்பூன் உப்பு, சர்க்கரை தேவையில்லை. அரிசி மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து அதே வேலையைச் செய்யும். காலையில் காய்ச்சியதை மாலைவரை வைத்திருக்காதீர்கள், புளித்துவிடும்.

11. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளம்புங்கள்

மலத்தில் ரத்தம், குடித்ததெல்லாம் வாந்தியாக வருவது, குடிக்கவே முடியாமல் சோர்ந்து கிடப்பது, கூப்பிட்டால் சரியாக விழிக்காதது, கண் குழிவிழுவது, அழுதும் கண்ணீர் வராதது, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்குவது, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது, கடும் காய்ச்சல், கஞ்சித் தண்ணீர் போல ஓயாமல் கொட்டும் பேதி.

குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெதுவாகக் கிள்ளித் தூக்கி விடுங்கள். சட்டென்று படிந்தால் நல்லது. மடிப்பு இரண்டு நொடிக்கு மேல் அப்படியே நின்றால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். வயதானவர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, தோல் இயல்பாகவே தளர்ந்திருக்கும்.

தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. குழந்தை விழித்து விழுங்கும் நிலையில் இருந்தால் போகும் வழியிலும் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் போனது, எத்தனை தடவை பேதி, எவ்வளவு கரைசல் உள்ளே போனது என்று எழுதி எடுத்துப் போனால் அங்கே வேலை சுலபமாகும்.

12. எப்போது நிறுத்துவது

மலம் கெட்டிப்படும்வரை கரைசலைத் தொடருங்கள். அப்புறம் சாதாரணத் தண்ணீரும் சாப்பாடும் போதும். ஆரோக்கியமாக இருக்கும்போது தினமும் குடிக்கிற பானம் அல்ல இது.

குழந்தைக்குச் சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரை கொடுத்திருப்பார்கள்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., இரண்டிலிருந்து ஆறு மாதம்வரை 10 மி.கி. ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ ஆறவைத்த தண்ணீரிலோ கரைத்துக் கொடுக்கலாம். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடியுங்கள். அடுத்த சில மாதங்களில் மறுபடி பேதி வருவதைக் குறைப்பதற்குத்தான் மீதி மாத்திரைகள்.